எளிய தமிழில் ஒரு தாள்: அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு ஏஐ துணையோடு எழுதும் முறை

என் தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாட்டோடு வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி நிலை உள்ளவன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் தைராய்டு சுரப்புக் குறைவு பரவலாகக் காணப்படும் என்பதால் மருத்துவர்கள் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அவனுக்கும் அந்தக் குறைவு இருக்கிறது, தினமும் காலையில் மாத்திரை போடுகிறான். பரிசோதனைக்கூடத்தில் முன்பதிவு செய்தபோது ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். "பரிசோதனைக்கு முன்னர் 10 மணி நேரம் உணவு உட்கொள்ளாமல் வெறும் வயிற்றில் வருகை தரவேண்டும். குடிநீர் அருந்துவதற்குத் தடையில்லை. தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் ரத்த மாதிரி எடுக்கப்பட்ட பின்னரே அதனை உட்கொள்ளுதல் வேண்டும்" என்று அதில் அச்சிட்டிருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த என் தம்பி, 'உட்கொள்ளாமல்' என்ற சொல்லைத் தாண்டவில்லை.

இத்தகைய சீட்டை அவன் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும் ஒரு தாளாக மாற்றுவதற்குச் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ செயலிகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன். இரண்டும் தமிழில் எழுதும். கைப்பேசி இருந்தால் போதும். வரைவு எழுத அந்த இயந்திரத்துக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. அந்த வரைவை மூலச் சீட்டோடு ஒப்பிடவும், தாளுக்கு உரியவரோடு உட்கார்ந்து வாசித்துத் திருத்தவும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது. ஏனெனில் தவறான தாள் ஒன்று கையில் இருப்பதைவிடத் தாளே இல்லாமல், நாமே பக்கத்தில் இருந்து வாயால் சொல்வது பாதுகாப்பானது.

இப்படிப் புரியும்படி தகவல் பெறுவது சலுகையும் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 'தகவல் தொடர்பு' என்பதற்குத் தரும் விளக்கத்தில் பிரெயில், சைகை மொழி ஆகியவற்றோடு எளிய மொழியையும் சேர்த்தே சொல்கிறது. ஆனாலும் நம் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் சாய்தளம் கட்டும் அளவுக்கு எளிய மொழியில் ஒரு சீட்டு அச்சிட வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை. அது வரும்வரை வீட்டாரும் சிறப்பாசிரியர்களும் தொழிற்பயிற்சிக் கூடத்தில் இருப்பவர்களும்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

கைப்பேசியை எடுப்பதற்கு முன்

ஒரு தாளுக்கு ஒரு நிகழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ரத்தம் எடுக்கப் போவது' ஒரு தாள். 'தைராய்டு என்றால் என்ன' என்பது வேறு தாள். இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே மனத்தில் நிற்காது.

மூலச் சீட்டைப் படம் எடுத்து அப்படியே செயலியில் ஏற்றிவிடாதீர்கள். அதில் பெயர், வயது, கைப்பேசி எண், மருத்துவமனைப் பதிவு எண் எல்லாம் இருக்கும். தேவையான வரிகளை மட்டும் தட்டச்சு செய்யுங்கள், அல்லது பெயர் இருக்கும் பகுதியை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். ஆதார் அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அறிவுத்திறன் மதிப்பீட்டுச் சான்று ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்ற வேண்டாம். ஒரு தாள் எழுதுவதற்கு அவருடைய நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) எவ்வளவு என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் எந்தச் சொற்களை அறிவார் என்பது தெரிந்தால் போதும். அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "உனக்கு ஒரு தாள் எழுதப் போகிறேன், இந்தப் போனில் இருக்கும் மெஷின் உதவி செய்யும், சரியா?" என்று நான் கேட்டேன். "என் போட்டோ போடாதே" என்றான். போடவில்லை.

கட்டளையை எப்படி எழுதுவது

பெரும்பாலோர் முதலில் எழுதுவது, "ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதிக் கொடு" என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். "ஹாய் செல்லக்குட்டி! நாளைக்கு நாம் ஒரு ஜாலியான இடத்துக்குப் போகப் போறோம்!" என்று தொடங்கி, ஊசி வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்லி, டாக்டர் மாமா சாக்லேட் தருவார் என்று மூலத்தில் இல்லாத ஒரு வாக்குறுதியோடு அந்த வரைவு முடிந்தது. 34 வயது ஆண் ஒருவனிடம், மாதச் சம்பளம் வாங்கித் தன் செலவுக்குத் தானே எண்ணி வைப்பவனிடம், இதை நீட்ட முடியுமா? புரிந்துகொள்வதில் சிரமம் இருப்பதும் குழந்தையாக இருப்பதும் ஒன்றல்ல. 'மன வயது' என்ற பேச்சைக் கட்டளையில் எங்குமே சேர்க்காதீர்கள்.

இரண்டு மூன்று முறை மாற்றி எழுதியதில் எனக்குப் பயன்பட்ட கட்டளை இது: "கீழே உள்ள அறிவிப்பை, வயது வந்த ஒருவர் தானே வாசிப்பதற்காக எளிய தமிழில் எழுது. அவருக்கு நீளமான வாக்கியங்கள் புரிவதில்லை. ஒரு வரியில் ஒரு வாக்கியம் மட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும். வீட்டில் பேசும் சொற்களைப் பயன்படுத்து. 'நான்' என்று தொடங்கும்படி எழுது. நடக்கும் வரிசையிலேயே எழுது. மூலத்தில் இல்லாத எதையும் சேர்க்காதே. உள்ளதில் எதையும் விடாதே. கொஞ்சலாக எழுதாதே. முடித்த பிறகு, மூலத்தின் ஒவ்வொரு செய்தியும் எந்த வரியில் வருகிறது என்று தனியாகக் காட்டு."

வரி நீளம் பற்றிய இந்த விதிகள் நானாகக் கண்டுபிடித்தவை அல்ல. இன்க்ளூஷன் யூரோப் என்ற அமைப்பு 2009-இல் வெளியிட்ட எளிய வாசிப்பு விதிகளில் குறுகிய வாக்கியம், கடினச் சொல் தவிர்ப்பு, 14 புள்ளிக்குக் குறையாத எழுத்து, பெரியவர்களுக்கான தாளில் குழந்தைப் படங்களைப் போடாமை ஆகியவை சொல்லப்பட்டிருக்கின்றன. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டே இத்தகைய தாளை எழுத வேண்டும் என்பதும் அவ்விதிகளில் ஒன்று. பிற விதிகளைக் கட்டளையாக எழுதிவிடலாம். இந்த ஒன்றை மட்டும் எந்த இயந்திரத்தாலும் நிறைவேற்ற முடியாது.

தாளில் 'நீ' என்று எழுதுவதா, 'நீங்கள்' என்று எழுதுவதா என்று எனக்குக் குழப்பம் இருந்தது. வீட்டில் நான் அவனை 'நீ' என்றுதான் அழைக்கிறேன். ஆனால் அச்சிட்ட தாளில் 'நீ சாப்பிடாதே' என்று இருந்தால் அதட்டுவதுபோல் தோன்றுகிறது, 'நீங்கள்' என்று இருந்தால் வேறு யாருக்கோ எழுதியது என்று அவன் ஒதுக்கி வைத்துவிடுகிறான். 'நான்' என்று எழுதியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

தமிழில் வரும் சிக்கல்கள்

ஆங்கிலத்தில் எளிமையாக்கச் சொன்னால் இயந்திரம் சிறிய சொல்லைத் தேடினால் போதும். தமிழில் அது போதாது. நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு வேறாக இருப்பதால், எழுத்துத் தமிழை அதிகம் வாசித்துப் பழகாத ஒருவருக்கு 'உண்ண வேண்டாம்' என்பதுகூட ஒரு படி தள்ளி நிற்கும் மொழிதான். அதற்காக முழுப் பேச்சுத் தமிழில் எழுதலாமா என்றால், 'சாப்டக்கூடாது', 'போட்டுக்கணும்' போன்றவற்றைப் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் வாசிக்கத் திணறுகிறார்கள்; அந்த வடிவங்களை அவர்கள் காதால் அறிவார்களே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. நான் கண்ட நடுவழி, பேச்சில் புழங்கும் சொல்லை எடுத்துக்கொண்டு அதை எழுத்து வடிவில் எழுதுவது. 'உணவு' வேண்டாம், 'சாப்பாடு' வேண்டும். 'அருந்தலாம்' வேண்டாம், 'குடிக்கலாம்' வேண்டும். 'ரத்த மாதிரி' என்பதில் 'மாதிரி' என்றால் 'போல' என்றுதான் அவன் எடுத்துக்கொள்கிறான், 'ரத்தம்' போதும். சிரிஞ்ச், டோக்கன், ரிப்போர்ட், ஸ்கேன் ஆகியவற்றுக்குத் தூய தமிழ்ச் சொல் தேடித் தாளைக் கெடுக்காதீர்கள்.

இரண்டாவது சிக்கல், வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் நம் வாக்கிய அமைப்பு. 'எழுந்து பல் தேய்த்துக் குளித்துவிட்டு உடை மாற்றிப் பையை எடுத்துக்கொண்டு வர வேண்டும்' என்பது நமக்கு இயல்பான ஒரு வாக்கியம். அதில் ஐந்தாறு வேலைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் முற்று கடைசியில்தான் வருகிறது. இயந்திரம் ஒரு வரியில் ஒரு வாக்கியம் என்ற விதியைக் காப்பாற்றிக்கொண்டே இத்தகைய வாக்கியத்தை எழுதிவிடும். 'துவிட்டு', 'துக்கொண்டு' என்று முடியும் சொல் கண்ணில் பட்டால் அங்கே வெட்டி, முற்று போட்டு, அடுத்த வரிக்குப் போங்கள். 'எடுக்கப்பட்ட', 'வழங்கப்படும்' என்பவற்றை 'எடுப்பார்கள்', 'கொடுப்பார்கள்' என்று மாற்றச் சொல்லுங்கள். சந்தி சேர்ந்து நீண்ட சொற்களையும் பிரித்துவிடலாம். இலக்கணம் அறிந்தவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் தாள் அவர்களுக்கானது அல்ல.

அடுத்தது, மரபாக நாம் சொல்லிப் பழகியவை. 'வெறும் வயிற்றில் போவேன்' என்று வரைவில் இருந்ததை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தம்பி அதை வாசித்துவிட்டு, "சட்டை போடாமலா?" என்று கேட்டான். மார்பில் எதுவும் போடாமல் இருப்பதை வெறும் உடம்பு என்று வீட்டில் சொல்வோம். அவன் நினைத்ததில் தவறே இல்லை.

நேரத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. '10 மணி நேரம் சாப்பிடக் கூடாது' என்பதை '10 மணிக்கு' என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. கால அளவைக் கடிகார நேரமாகவோ, அவர் அறிந்த ஒரு நிகழ்வாகவோ மாற்றிவிடுங்கள். காலை 7 மணிக்குப் பரிசோதனை என்பதால், ஒரு மணி நேரம் கூடுதலாகவே விட்டு, 'இரவு 8 மணிக்குள் சாப்பிட்டு முடிப்பேன்' என்று நாங்கள் எழுதினோம். அந்தக் கணக்கை நீங்களே போடுங்கள், இயந்திரத்திடம் விடாதீர்கள்.

மூலத்தோடு ஒப்பிடுவது

இந்த வேலையில் எனக்கு உண்மையாகவே பயம் தந்த இடம் இதுதான். இரண்டாவது வரைவு அழகாக வந்திருந்தது. கொஞ்சல் இல்லை, சாக்லேட் இல்லை, ஒவ்வொரு வரியும் நான்கைந்து சொற்களில் முடிந்தது. படித்ததும் திருப்தியாக இருந்தது. பென்சிலை எடுத்து மூலச் சீட்டின் ஒவ்வொரு செய்தியையும் அடிக்கோடிட்டு, வரைவில் அது எங்கே இருக்கிறது என்று தேடியபோதுதான், மாத்திரையைப் பற்றிய வரியே காணாமல் போயிருப்பது தெரிந்தது. சுருக்கச் சொன்னால் இயந்திரம் விதிவிலக்குகளை முதலில் கழற்றிவிடுகிறது. 'ஆனால்', 'தவிர', 'பின்னரே' என்று வரும் வாக்கியங்கள் அதற்குக் கூடுதல் சுமையாகத் தெரிகின்றன போலும். எழுந்ததும் மாத்திரை போடுவது என் தம்பிக்குப் பல ஆண்டுப் பழக்கம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவன் தாளில் உள்ளபடியே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, வழக்கம்போல மாத்திரையையும் போட்டுக்கொண்டு வந்திருப்பான்.

எந்தச் செய்தி எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்வது இதற்காகத்தான். அதையும் நம்பிவிட வேண்டாம்; இல்லாத வரியை இருப்பதாகவும் அது சொல்லும். பென்சில்தான் நம்பகமானது. மருந்து, அளவு, நேரம், பணம், தேதி ஆகிய ஐந்தில் எது தாளில் வந்தாலும், மருத்துவரோ மருந்தாளரோ அலுவலரோ கொடுத்த எழுத்தோடு மட்டுமே ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் அவர்களுக்குத்தான் போன் செய்ய வேண்டும், செயலியிடம் மறுபடி கேட்கக் கூடாது.

திருத்தங்களுக்குப் பிறகு எங்கள் தாள் இப்படி இருந்தது:

நாளைக்கு ரத்தம் எடுக்கப் போகிறேன்.
இன்று இரவு 8 மணிக்குள் சாப்பிட்டு முடிப்பேன்.
அதற்குப் பிறகு சாப்பாடு இல்லை. டீ இல்லை. பிஸ்கட் இல்லை.
தண்ணீர் குடிக்கலாம்.
காலையில் எழுந்ததும் மாத்திரை போட மாட்டேன்.
மாத்திரை டப்பாவைப் பையில் வைப்பேன்.
அக்காவும் நானும் ஆட்டோவில் போவோம்.
நர்ஸ் அக்கா கையில் ஊசி குத்துவார்.
கொஞ்சம் வலிக்கும். சீக்கிரம் சரி ஆகும்.
ரத்தம் எடுத்த பிறகு மாத்திரை போடுவேன்.
அக்கா சொன்னதும் இட்லி சாப்பிடுவேன்.

மாத்திரை போட்ட பிறகு அரை மணி நேரமாவது காத்திருந்து சாப்பிட வேண்டும். அந்த அரை மணியை அவனால் கணக்கிட முடியாது என்பதால் கடைசி வரியில் என்னைச் சேர்த்துக்கொண்டேன்.

அவரோடு வாசிப்பது

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பலர், புரியவில்லை என்று சொன்னால் திட்டு விழும் என்பதை வாழ்நாள் முழுக்கப் பழகியவர்கள். எதைக் கேட்டாலும் "ம்" என்பார்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில் எழுந்ததும் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "பல் தேய்ப்பேன். மாத்திரை போடுவேன்" என்றான் தம்பி. தாளில் 'போட மாட்டேன்' என்று தெளிவாகத்தான் இருந்தது. வாசிக்கும்போது 'மாத்திரை' என்ற சொல் வந்ததும் பழக்கம் முந்திக்கொண்டு மீதியை நிரப்பிவிட்டது. அந்த வரியை எத்தனை விதமாக மாற்றி எழுதினாலும் பயன் இருந்திருக்காது. முதல் நாள் இரவே மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் வைப்பது என்று முடிவு செய்து, அந்த வரியைத் தாளில் மேலே கொண்டுபோனோம். வழக்கமான இடத்தில் டப்பா இல்லாததுதான் அவனுக்கு நினைவூட்டியது.

எந்த வரியில் அவர் தயங்குகிறார், எந்தச் சொல்லை மாற்றி வாசிக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அதைச் செயலியிடம் சொல்லி மாற்று வரி கேட்கலாம். இரண்டு வரிகள் கேட்டு வாங்கி, எது நன்றாக இருக்கிறது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். என் தம்பி அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் 'சீக்கிரம் சரி ஆகும்' என்பது.

படமும் குரலும்

ஏஐ வரையும் படங்களை இதற்குப் பயன்படுத்துவதை நான் விட்டுவிட்டேன். அது வரைந்த மருத்துவமனை எங்கள் ஊரில் இல்லாத பளிங்குக் கட்டடமாக இருந்தது. பலகையில் இருந்த தமிழ் எழுத்துகள் எந்த மொழியிலும் சேராதவை. நீங்கள் போகப் போகும் கூடத்தின் வாசல், டோக்கன் கொடுக்கும் ஜன்னல், உட்காரும் நாற்காலி ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வரிக்குப் பக்கத்தில் ஒட்டினால் அதைவிடச் சிறந்த படம் வேறில்லை. கோட்டுப் படங்கள் வேண்டுமென்றால் ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான குறியீட்டுப் படங்கள் வணிகமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. பேச்சே வராதவர்களுக்குத் தாள் மட்டும் போதாது. சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற, படத்தைத் தொட்டால் பேசும் செயலியைப் பேச்சுப் பயிற்சியாளரின் வழிகாட்டுதலோடு பழக்க வேண்டும்.

வாசிக்கத் தெரியாதவருக்குத் தாளைச் செயலியின் குரலில் ஒலிக்கச் செய்யலாம். ஆனால் உங்கள் குரலிலேயே பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் அதைப் பத்து முறை கேட்பார். மறுபக்கம், அவர் பேசி இயந்திரம் புரிந்துகொள்வது இன்னும் கடினம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உச்சரிப்பைப் பேச்சுணர் மென்பொருள்கள் பெரும்பாலும் தவறாகவே பிடிக்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2022-இல் கூகுள், ஆப்பிள், அமேசான், மெட்டா, மைக்ரோசாப்ட் ஆகியவற்றின் துணையோடு இத்தகைய குரல்களைத் திரட்டத் தொடங்கியது. அது தொடங்கியது ஆங்கிலத்தில். தமிழில் இப்போதைக்குக் கேள்வியை நீங்கள் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் நடைமுறைக்கு உகந்தது.

அவர் தானே செயலியோடு பேச விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் அது என்ன என்பதைச் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் அதை 'அவர்' என்றோ 'அவள்' என்றோ சொல்வதில்லை, 'அது' என்றுதான் சொல்கிறோம். இனிக்க இனிக்கப் பேசும், எதற்கும் கோபப்படாது, எப்போதும் பதில் தரும் ஒன்றை நண்பன் என்று எண்ணிவிடுவது எளிது. வங்கிக் கணக்கு எண்ணையும் ஓடிபியையும் அதனிடம் சொல்லக் கூடாது என்பதற்கே தனியாக ஒரு தாள் எழுதினோம்.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது

ஏற்கெனவே எடுத்த முடிவை விளக்குவதற்கு இது உதவும். முடிவை எடுப்பதற்கு உதவாது. அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதா, வேலையை மாற்றுவதா, சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து இடுவதா என்பவற்றைச் செயலியிடம் கேட்டு, அது சொன்னதை அவரிடம் எளிய தமிழில் நீட்டினால், அவருடைய முடிவு என்ற பெயரில் நாம் நம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்வதாகவே முடியும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வரையறுக்கப்பட்ட பாதுகாவல் (குறிப்பிட்ட முடிவுகளுக்கு மட்டும் துணை நிற்பது) என்பதற்கே பரஸ்பரப் புரிதலின் பேரில் இருவரும் கூடி முடிவெடுப்பது என்றுதான் பொருள் சொல்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவருக்கு உள்ளூர்க் குழு மூலம் பாதுகாவலராக நியமனம் பெற்றவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வுகள் எவை, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்பதைத் தனித்தனித் தாளாக எழுதி, எந்தத் தாளையும் இனிப்பாக்காமல் அவர் முன் வைப்பதுவரை இயந்திரம் துணை செய்யலாம்.

அன்றாட வேலைகளுக்கான படிநிலைத் தாள்களிலும் ஒரு சொல். டீ போடும் முறையை எழுதச் சொன்னால் அது கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து டீப் பையை முக்கச் சொல்லும். உங்கள் வீட்டு அடுப்பு, உங்கள் பால் பாத்திரம், உங்கள் வடிகட்டி அதற்குத் தெரியாது. முதலில் அவர் டீ போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், எந்த இடத்தில் நிற்கிறார் என்று குறியுங்கள், அந்தக் குறிப்பைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

தாளின் மூலையில் தேதி எழுதி, கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பழைய தாளைத் திருத்தினால் போதும். அவருக்குப் பழகிய வரிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எங்கள் தாளை இந்த ஆண்டு மீண்டும் எடுத்தபோது, நான் கைப்பேசியைத் தேடுவதற்குள் தம்பியே பேனாவை எடுத்து 'நர்ஸ் அக்கா' என்பதை அடித்துவிட்டு 'அண்ணன்' என்று எழுதினான். சென்ற முறை ரத்தம் எடுத்தவர் ஒரு இளைஞர். எனக்கு அது நினைவில்லை.